ரன்க்ஸ் நல்லதா, கெட்டதா? ஒரு சித்திக்கு எழுதிய பதில்

கேள்வி, சுருக்கமாக: "என் அக்கா மகனுக்கு 4 வயது. போன மாதம் ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறிக்கையில் 'ஈடிவி6-ரன்க்ஸ்1 இணைவு உள்ளது' என்று இருக்கிறது. டாக்டர் 'இது நல்ல வகை' என்றார். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். ரன்க்ஸ் பற்றித் தேடினால் புற்றுநோயைத் தடுக்கும் மரபணு என்று ஓரிடத்தில் வருகிறது, புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்று இன்னோரிடத்தில் வருகிறது. எது சரி? கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று கேட்ட நாளிலிருந்து அக்கா தன்னையே குற்றம் சொல்லி அழுகிறாள். சின்னவளுக்கும் சோதனை செய்ய வேண்டுமா?"

பதில்:

முதலில் அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். கர்ப்ப காலத்தில் அவர் சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது, கடைசி மாதம்வரை வேலைக்குப் போனது, கோபப்பட்டது, எதுவும் இந்த இணைவுக்கு, அதாவது இரண்டு மரபணு தவறாக ஒட்டிக்கொண்டதற்கு, காரணம் என்று யாரும் நிறுவியதில்லை. கருவில் தொடங்கியது என்பது காலத்தைச் சொல்கிறது. யாரால் என்பதை அது சொல்லவில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று பிறகு விளக்குகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் ஆய்வகங்களில் பல ஆண்டு மரபணு வேலை பார்த்தவள். மருந்து, அளவு, அடுத்த பரிசோதனை பற்றியெல்லாம் உங்கள் மருத்துவக் குழுவிடமே கேளுங்கள். ஆனால் ரன்க்ஸ் எனக்கு வெகுநாள் பழக்கம், அதைப் பற்றிப் பேச முடியும்.

உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. சுமார் 320 கோடி எழுத்து, அதில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கண்ணில் உள்ள செல்லும் எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்லும் வேறுபடுவது, எந்த மரபணுவை எப்போது ஆர்என்ஏ ஆகப் படியெடுக்கிறது என்பதில்தான். அதை முடுக்கிவிடவும் அடக்கவும் செய்கிற புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். மனிதருக்கு ஏறத்தாழ 1,600 உண்டு. ரன்க்ஸ் அதில் மூன்றே பேர் கொண்ட சிறிய குடும்பம். ரன்க்ஸ்1 இருப்பது 21 ஆம் குரோமோசோமில், ரன்க்ஸ்2 இருப்பது 6 இல், ரன்க்ஸ்3 இருப்பது 1 இல். முதலாவது ரத்தத்துக்கு, இரண்டாவது எலும்புக்கு, மூன்றாவது நரம்பு, டி செல் (ஒரு வகை நோய் எதிர்ப்பு வெள்ளணு) போன்றவற்றுக்கு என்று பாடத்தில் சுருக்கிச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது போதும்.

மூன்றுக்கும் பொதுவாக 128 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதி உண்டு, 'ரன்ட் களம்' என்று பெயர். டிஎன்ஏவைப் பிடிக்கும் கை அதுதான். அது தேடுவது பெரும்பாலும் டி-ஜி-டி-ஜி-ஜி-டி என்ற ஆறு எழுத்தை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வகை எழுத்து, ஆறு இடம். அப்படியானால் ஒரு குறிப்பிட்ட வரிசை தற்செயலாக 4,096 க்கு ஒரு முறை வரும். இரண்டு இழையையும் சேர்த்தால் சுமார் 2,000 எழுத்துக்கு ஒரு முறை. 320 கோடிக்கு அது ஏறத்தாழ 15 லட்சம் இடம்! ஆனால் ஒரு ரத்தச் செல்லில் ரன்க்ஸ்1 உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடங்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில்தான் வருகிறது. அப்படியென்றால் ஆறு எழுத்து மட்டும் முகவரி ஆகாது. அந்த இடத்தில் டிஎன்ஏ சுருட்டி மூடிக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா, பக்கத்தில் வேறு எந்தக் காரணி உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் முகவரி.

தமிழில் 'படி' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் படி என்றால் ஒன்று, மாடிப்படி வேறு, ஒரு படி அரிசி வேறு, சொன்னபடி நடந்தான் என்றால் இன்னும் வேறு. படியெடுத்தலிலும் அதே படிதான். பக்கத்துச் சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு, 'படி' என்பதன் பொருள் என்ன என்று கேட்டால் யாரும் ஒரே பதில் சொல்ல முடியாது. ரன்க்ஸ் நல்லதா கெட்டதா என்ற கேள்வியும் எனக்கு அப்படித்தான் படுகிறது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் பக்கத்துச் சொல்லை விட்டுவிட்டு எழுதியவை.

பக்கத்தில் யார் யார் இருப்பார்கள்? முதல் துணை சிபிஎஃப் பீட்டா என்ற புரதம். அது டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. ஆனால் அது கூட நின்றால் ரன்க்ஸின் பிடி இறுகும், ரன்க்ஸ் சீக்கிரம் சிதைந்து போகாமலும் இருக்கும். அடுத்தது இடத்துக்கு இடம் மாறும் கூட்டாளிகள். ரத்தச் செல்களில் காட்டா, ஈட்ஸ் என்ற வேறு படியெடுப்புக் காரணிக் குடும்பத்தார். அதற்கு மேல், டிஎன்ஏவைத் தளர்த்தித் திறக்கும் பி300 போன்ற புரதங்களையும் ரன்க்ஸ் அழைத்துவரும், இறுக்கி மூடும் குரோச்சோ வகைப் புரதங்களையும் அழைத்துவரும். மூடும் ஆட்களைக் கூப்பிட அதன் வால் நுனியில் ஐந்தே அமினோ அமிலம் இருக்கிறது. மூன்று ரன்க்ஸிலும், இவற்றுக்கு உறவான பழ ஈயின் ரன்ட் புரதத்திலும் அந்த ஐந்தும் மாறாமல் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டு பரிணாமத்தில் அந்த வால் நுனியை இயற்கை தொடவில்லை என்பதை முதன்முறை வரிசைகளை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஒரே செல்லுக்குள்ளேயே இரண்டு வேலையும் நடப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு டி செல். பாதித்த செல்களைக் கொல்லும் சிடி8 டி செல் உருவாகும்போது, ரன்க்ஸ்3 சிடி8 வழியைத் திறக்கிறது, அதே நேரத்தில், இன்னொரு வகை டி செல்லின் அடையாளமான சிடி4 மரபணுவை மூடுகிறது. புரதம் ஒன்று, செல் ஒன்று. உட்காரும் இடமும் கூட வருபவரும்தான் வேறு.

இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்த கதையும் மூன்று தனித்தனி வழியில் வந்தது. 1980 இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவ்ஸும் பழ ஈயின் முட்டைப்புழு உடல் கண்டங்களாகப் பிரிவதைக் கெடுக்கும் மரபணுக் கோளாறுகளைப் பட்டியலிட்டார்கள். அதில் கண்டங்கள் குறைந்து குட்டையாகிப்போன புழுவைத் தந்த ஒன்றுக்கு 'ரன்ட்' என்று பெயர். ஈற்றிலேயே சவலையாகப் பிறக்கும் குட்டி என்று பொருள். 1995 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம் கியோட்டோவில் யோஷியாகி இட்டோவின் குழு, எலியைத் தாக்கும் பாலியோமா வைரஸின் டிஎன்ஏவில் ஒட்டும் ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வழி ரத்தப் புற்றுநோய். 1973 இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, 8 ஆம் குரோமோசோமும் 21 ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைச் சில நோயாளிகளின் செல்களில் கண்டார். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெட்டி அடுக்கிப் பார்த்தவர் அவர். 1991 இல் தோக்கியோவில் மிசாவோ ஒக்கியின் குழு அந்த உடைந்த இடத்திலிருந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. 1993 வாக்கில், ஈயின் ரன்ட்டும், வைரஸ் டிஎன்ஏவைப் பிடித்த புரதமும், புற்றுநோயில் உடைந்த மரபணுவும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிட்டது.

இனி உங்கள் அக்கா மகனின் விஷயம்.

முதலில் ரன்க்ஸ்1 இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1996 இல் எலியில் இரண்டு பிரதியையும் நீக்கிப் பார்த்தார்கள். கரு பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது நாளில் இறந்தது. வாழ்நாள் முழுக்க ரத்தம் தரும் தாய்ச் செல்களே உருவாகவில்லை. ஆகவே ரன்க்ஸ்1 அடிப்படையில் ரத்தத்தை உண்டாக்கும் மரபணு. பிள்ளையின் உடம்பில் இந்த நிமிடம் நல்ல ரத்தச் செல்களை வளர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இணைவில் நடந்தது என்ன? 12 ஆம் குரோமோசோமில் ஈடிவி6 என்று ஒரு மரபணு. அதுவும் படியெடுப்புக் காரணிதான், பெரும்பாலும் மரபணுக்களை மூடும் வேலை செய்வது. 12 உம் 21 உம் உடைந்து மாறி ஒட்டியதில், ஈடிவி6 இன் தலைப்பகுதி ரன்க்ஸ்1 இன் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிறந்த கலவைப் புரதத்திடம் ரன்ட் களம் பத்திரமாக இருக்கிறது. ஆகவே ரன்க்ஸ்1 போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் அதுவும் சரியாகப் போகிறது. ஆனால் மூடும் ஆட்களை எப்போதும் தலையில் கட்டிக்கொண்டே போகிறது. திறக்க வேண்டிய மரபணு மூடியே கிடக்கிறது. எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுவான பி செல்லின் வளர்ச்சியில் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டிய செல் பாதியில் நின்றுவிடுகிறது.

பெரியவர்களிடமும் காணப்படும் 8-21 இணைவிலும் கதை இதே போக்குதான். அங்கே ரன்ட் களம் மட்டும் தங்கி, ரன்க்ஸ்1 இன் பின்பாதி வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் ஈடிஓ என்ற மூடும் புரதம் ஒட்டுகிறது. இன்னொரு வகையில் ரன்க்ஸ்1 க்கு ஒன்றும் ஆகாமல், துணையான சிபிஎஃப் பீட்டா 16 ஆம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு துண்டால் கெட்டுப்போகிறது. அது 1993 இல் தெரியவந்தது. கணவன் கெட்டாலும் மனைவி கெட்டாலும் குடும்பம் கெடும் என்பது மாதிரி.

ஆனால் இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. 8-21 இணைவு உள்ள புற்றுநோய்ச் செல்லில், மற்றொரு குரோமோசோமில் பழுதில்லாத ரன்க்ஸ்1 பிரதி ஒன்று மிச்சமிருக்கும். அதை ஆய்வகத்தில் குறைத்துப் பார்த்தால் புற்றுநோய்ச் செல் செத்துவிடுகிறது! கலவைப் புரதம் மூடுவதும் நல்ல ரன்க்ஸ்1 திறப்பதும் ஒரு சமநிலையில் நின்றால்தான் அந்தச் செல்லுக்கு உயிர். புற்றுநோயைத் தடுப்பதாகப் பேர் வாங்கிய அதே நல்ல பிரதி, இங்கே புற்றுநோய்ச் செல்லைத் தாங்கி நிற்கிறது. 'தடுப்பதா, உண்டாக்குவதா' என்ற பிரிவினை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

இப்போது அக்காவின் கேள்வி. கருவின் ஈரலிலும் மஜ்ஜையிலும் ரத்தச் செல்கள் கணக்கில்லாமல் பிரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏ உடைவதும் ஒட்டுப்படுவதும் சாதாரணம். எப்போதாவது தவறான இரண்டு முனைகள் ஒட்டிக்கொள்ளும். லண்டனில் மெல் கிரீவ்ஸின் குழு, பிறந்ததும் குதிகாலில் குத்தி அட்டையில் சேமிக்கும் ரத்தத் துளிகளைத் தேடி எடுத்து, பல ஆண்டு கழித்து நோய் வந்த குழந்தைகளின் அட்டைகளில் அதே இணைவு இருந்ததைக் காட்டியது. 2002 இல் அதே குழு சம்பந்தப்பட்ட ஆய்வொன்று, ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் ஒன்றிடம் இந்த இணைவு இருக்கிறது என்று கணக்கிட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதைக் குறைத்தும் சில கூட்டியும் சொல்கின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும், இணைவோடு பிறப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. ஒரு வகுப்பு, பக்கத்து வகுப்பு, அடுத்த வகுப்பு என்று எண்ணிப் பாருங்கள், யாரோ ஒரு பிள்ளையிடம் அது இருந்திருக்கும், யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நோய் வர இன்னும் சில கோளாறுகள் சேர வேண்டும். அடிக்கடி நடப்பது, மிச்சமிருக்கும் நல்ல ஈடிவி6 பிரதியும் அழிவது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ராக் என்ற நொதி. பி செல்கள் வளரும்போது எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டி ஒட்டிப் புதுப்புது வகை செய்வது அதன் இயல்பான வேலை. நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் கத்தி அது, சில நேரம் தவறான இடத்தில் பட்டுவிடுகிறது. ஒரே முட்டை இரட்டையரில், இருவரிடமும் எழுத்துக்கு எழுத்து அதே இணைவு இருந்தும், ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் பல ஆண்டு நலமாக இருந்ததுண்டு. ஒரே தாய், ஒரே கருப்பை, ஒரே பத்து மாதம். இதை அக்காவிடம் அப்படியே சொல்லுங்கள்.

டாக்டர் 'நல்ல வகை' என்று சொன்னதன் பொருள்: குழந்தைகளுக்கு வரும் பி-வகை லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று இந்த இணைவு உள்ளது, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். இன்றைய சிகிச்சையில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். நம் ஊருக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 என்ற ஆய்வில், தொடக்க சிகிச்சைக்குப் பிறகு மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்களை, பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் கண்டுபிடிக்கும் முறையில் அளந்தார்கள். வேகமாகக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தார்கள். குணமாகும் விகிதம் குறையவில்லை என்று 2012 இல் முடிவு வெளியானது. உங்கள் குழு 'எஞ்சிய நோய்' என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது அக்கறையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் அறிக்கையில் உள்ள மரபணுப் பெயரைவிட அந்த எண்ணுக்கு எடை அதிகம்.

நீங்கள் படித்த 'தடுக்கும் மரபணு' ரன்க்ஸ்3 ஆக இருக்க வேண்டும். அந்தக் கதையும் பாதி நம் ஊரில் நடந்தது. 2002 இல் இட்டோவின் குழு வெளியிட்ட ஆய்வு, மனித இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் ரன்க்ஸ்3 வேலை செய்யவில்லை என்றது. பல இடங்களில் மரபணு எழுத்து ஒன்றும் மாறவில்லை. தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் படிந்து அது அடைபட்டிருந்தது. நூலகத்தில் புத்தகம் கிழியாமல் இருந்தும் அலமாரியைப் பூட்டிவிட்ட மாதிரி. அதே 2002 இல் இட்டோ தன் குழுவினர் சிலரோடு சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்திலும், பிறகு 2008 இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புற்றுநோய் அறிவியல் கழகத்திலும் வேலை தொடர்ந்தது. டிஜிஎஃப் பீட்டா என்ற 'வளர்ந்தது போதும்' சமிக்ஞையோடு ரன்க்ஸ்3 சேர்ந்து உழைப்பதும், செல் பெருகச் சொல்லும் வின்ட் பாதையை அது கட்டுப்படுத்துவதும் அப்படித் தெளிவானவை.

ஆனால் இதற்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் யோரம் குரோனரின் குழு, இரைப்பை உள்தோல் செல்களில் ரன்க்ஸ்3 இயல்பாக இருப்பதே இல்லை, பக்கத்திலுள்ள வெள்ளணுக்களில்தான் இருக்கிறது என்று வாதிட்டது. இல்லாத காவலாளி எப்படி ஓடிப்போவான் என்பது அவர்கள் கேள்வி. சண்டையின் நடுவில் இருந்தது ஆன்டிபாடி, அதாவது திசுவில் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்க நாங்கள் பயன்படுத்தும் எதிர்ப்பொருள். ரன்க்ஸ்3 ஐ மட்டும் பிடிக்கிறதா, ஒத்த முகமுள்ள அண்ணன் தம்பியையும் சேர்த்துப் பிடிக்கிறதா? இந்த வலி எனக்குத் தெரியும். இரண்டு ஆன்டிபாடி, ஒரே மாதிரித் திசு, இரண்டு வெவ்வேறு பட்டை என்று நான்கு மாதம் ஓடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது எனக்கும். என் கருத்து: அந்த மரபணு மெத்தில் குறிகளால் அடைபடுவது பல நாட்டு மாதிரிகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அடைப்புதான் புற்றுநோயைத் தொடங்குகிறது என்ற வாதத்தை முடிந்த விஷயமாகப் பாடத்தில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தேர்வில் ஒரு வரியில் எழுதச் சொன்னால் எழுதுங்கள், மனத்தில் இந்த விவாதத்தையும் வைத்திருங்கள்.

அதே புற்றுநோய் அறிவியல் கழகத்திலிருந்தே மறுபக்கமும் வந்தது. ஆசியாவில் அதிகம் காணப்படும் என்கே/டி செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் ரன்க்ஸ்3 மிகுந்து இருக்கிறது, அங்கே அது புற்றுநோய்க்குத் துணை போகிறது, அதை முடுக்கிவிடுவது மிக் என்ற இன்னொரு காரணி என்று 2017 இல் காட்டினார்கள். இரைப்பையில் காவல் என்று சொல்லப்பட்டது, லிம்ஃபோமாவில் கூட்டாளி.

ரன்க்ஸ்2 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி. எலும்பு செய்யும் செல்களை உருவாக்குவது அது. ஒரு பிரதி கெட்டுப் பிறந்தால் காறை எலும்பு சரியாக வளராத ஒரு பரம்பரை நிலை வருகிறது. மார்பக, புராஸ்டேட் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும்போது அதே ரன்க்ஸ்2 அவற்றுக்கு உதவுவதுண்டு.

மருந்தாக நேரடியாக ரன்க்ஸைத் தாக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். நொதிகளைப் போல் மருந்து போய் உட்கார வசதியான குழி இந்தப் புரதங்களில் இல்லை. ரன்க்ஸும் சிபிஎஃப் பீட்டாவும் கைகோக்கும் இடத்தைப் பிரிக்கும் சேர்மங்கள் ஆய்வகத்தில் வேலை செய்கின்றன. இதே போன்ற வேறொரு கலவைக் காரணியை, புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோயில், வைட்டமின் ஏ வழிப் பொருளும் ஆர்சனிக்கும் சேர்த்து உடைத்தே குணப்படுத்துகிறார்கள். வழி இல்லாமல் இல்லை. அக்கா மகனுக்கு அது தேவைப்படவும் இல்லை, இன்றுள்ள மருந்துகளே இந்த வகைக்கு நன்றாக வேலை செய்கின்றன.

கடைசியாகச் சின்னவள். இந்த இணைவு பெற்றோரிடமிருந்து வருவதில்லை. அண்ணனின் ஒரு ரத்தச் செல்லில் நடந்தது, அவன் உடம்போடு நிற்கிறது. ஒரே முட்டை இரட்டையராக இருந்தால் மட்டும் நஞ்சுக்கொடி வழியாக அந்தச் செல் மற்றவருக்குப் போயிருக்கலாம். அவள் தனியாகப் பிறந்தவள், ஆகவே இந்த இணைவைத் தேடி அவளுக்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு: ரன்க்ஸ்1 இன் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டுப் பரம்பரையாக வரும் நிலை. 1999 இல் அடையாளம் கண்டது, அரிது. அந்தக் குடும்பங்களில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும், எளிதில் ரத்தம் கசியும், தலைமுறைக்குத் தலைமுறை சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். உங்கள் அம்மா வழியிலோ அக்கா கணவர் வழியிலோ அப்படி யாராவது இருந்தார்களா என்று பாட்டியைக் கேட்டு, இருந்தால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் சின்னவளைப் பாலர் பள்ளிக்கு அனுப்புங்கள். அண்ணனுக்கு வெள்ளணு குறைந்திருக்கும் வாரங்களில் அவளுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் அன்றைக்குப் பாட்டி வீட்டில் தூங்கட்டும்.